நெஞ்சுச் சளியா, நிமோனியாவா?
தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகள்

 

இரவு மணி இரண்டு. வீடு முழுவதும் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை இருமுகிறது. உம்மா திடுக்கிட்டு எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். உடல் சுடுகிறது. அலமாரியைத் திறந்தால், சென்ற மாதம் மூத்தவனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து பாட்டிலில் கால் பங்கு மீதமிருக்கிறது. "அதே சளிதானே, அதே மருந்துதானே" என்று ஒரு மூடி ஊற்றிப் புகட்டிவிட்டுப் படுத்துக் கொள்கிறாள்.

நம் இல்லங்களில் நாள்தோறும் நடைபெறும் நிகழ்ச்சிதான் இது. இதில் தாயின் பாசத்தில் குறை ஏதும் இல்லை. ஆயினும், அறியாமையால் விளையும் இரண்டு பெரும் தவறுகளுக்கு இங்கே இடம் இருக்கிறது. தேவையற்ற பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுப்பது ஒன்று. உண்மையாகவே அது தேவைப்படும் பிள்ளையை, "மருந்துதான் கொடுத்தாயிற்றே" என்ற நிம்மதியில் இரண்டு நாள் காக்க வைப்பது மற்றொன்று. முதல் தவறு ஊருக்குத் தீங்கு. இரண்டாவது தவறோ உயிருக்கே தீங்கு. இவ்விரண்டையும் எவ்வாறு தவிர்ப்பது என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

அந்தப் பாட்டிலைப் பற்றி முதலில் ஒரு சொல். பொடியாக வாங்கி, ஆற வைத்த வெந்நீர் கலந்து பயன்படுத்தும் ஆன்டிபயாடிக் சிரப், நீர் கலந்த ஒன்றிரண்டு வாரங்களுக்குள் தன் வீரியத்தை இழந்துவிடும். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது பாட்டிலின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். சென்ற மாதத்து மருந்து பெயரளவில்தான் மருந்து. சிகிச்சை முடிந்ததும் மீதத்தைக் கொட்டிவிடுவதே முறை.

சளி எல்லாம் ஒன்றல்ல

மூக்கில் தொடங்கி, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல் எனக் கீழிறங்கி, நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது நம் சுவாசப் பாதை. இப்பாதையை இரண்டு வகைக் கிருமிகள் தாக்குகின்றன. ஒன்று வைரஸ், மற்றொன்று பாக்டீரியா. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை மட்டுமே அழிக்கும். வைரஸை அவை ஒன்றும் செய்யா.

சாதாரண ஜலதோஷம், மூக்கொழுகல், தும்மல், கண்ணில் நீர் வடிதல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றுள் மிகப் பெரும்பாலானவை வைரஸின் வேலையே. இவை ஓரிரு வாரங்களில் தாமாகவே நீங்கிவிடும். இருமல் மட்டும் சற்று நீடிக்கலாம். ஓய்வு, வெதுவெதுப்பான பானங்கள், காய்ச்சலுக்கு வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால் ஆகியவையே போதுமானவை. ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு இருமலைத் தணிக்கச் சிறிது தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் அறவே கூடாது. தேனில் சில வேளைகளில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, பச்சிளங் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடும்.

"சளி மஞ்சளாக, பச்சையாக வருகிறதே! அப்படியானால் பாக்டீரியாதானே?" என்று கேட்பவர்கள் பலர். அல்ல. கிருமியை எதிர்த்துப் போரிடும் நம் வெள்ளை அணுக்கள் கலப்பதாலும் சளி அந்நிறம் பெறுகிறது. நிறத்தை வைத்து மட்டும் மருந்தைத் தீர்மானிக்க இயலாது. பத்து நாட்களாகியும் சிறிதும் குறையாத மூக்கடைப்பும் முகவலியும், குறைந்து வந்த காய்ச்சல் மறுபடியும் திடீரென ஏறுவதும்தான் பாக்டீரியா புகுந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டிய அறிகுறிகள்.

தொண்டையில் தொடங்கி இதயத்தில் முடியும் நோய்

தொண்டை வலிக்குக் காரணமான பாக்டீரியாக்களுள் முதன்மையானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ். ஐந்து முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளே இதற்கு மிகுதியும் ஆளாகின்றனர். திடீரென்று கடுமையான தொண்டை வலி, காய்ச்சல், விழுங்க முடியாமை, கழுத்தின் முன்புறத்தில் தொட்டால் வலிக்கும் நெறி, டான்சில் மீது வெண்ணிறச் சீழ்ப் புள்ளிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். வியப்பு யாதெனில், இந்நோயில் பெரும்பாலும் இருமலோ மூக்கொழுகலோ இராது. அவை இருந்தால் வைரஸ் என்றே எண்ண வேண்டும். உறுதி செய்ய, பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையைத் தடவி எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

இந்தத் தொண்டை வலியும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும் இயல்புடையதுதான். பின் ஏன் இதற்கு மருந்து? இரண்டு மூன்று வாரங்கள் கழித்துச் சில பிள்ளைகளுக்கு மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கி வலிக்கும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி போய்விடும். ஆனால் இதயத்தின் வால்வுகளில் அது இட்ட தழும்பு போகாது. பத்து வயதில் கவனிக்கப்படாத தொண்டை வலி, அந்தப் பெண் மணமாகிச் சூல் கொண்டிருக்கும் வேளையில் மூச்சுத் திணறலாக வெளிப்படுவதுண்டு. இதனைத் தடுக்கவே பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் பத்து நாட்களுக்குத் தரப்படுகிறது. நோய் தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் சிகிச்சையை ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். மூன்றாம் நாளே வலி நின்றுவிடும். எனினும் பத்து நாட்களும் கொடுத்தாக வேண்டும்.

தடுப்பூசியை மறந்ததால் திரும்பி வந்தவை

தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவை இளந்தாய்மார்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் போன்ற படலம் படர்ந்து மூச்சை அடைக்கும். அக்கிருமி கக்கும் நஞ்சு இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். அந்நஞ்சை முறிக்கும் சீரத்தை 1890இல் ஜெர்மனியின் பேரிங், ஜப்பானின் கிடசாட்டோ ஆகிய இருவரும் கண்டறிந்தனர். மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு 1901இல் பேரிங்கிற்கு வழங்கப்பட்டது இப்பணிக்காகவே. சந்தேகம் எழுந்த மாத்திரத்திலேயே சீரமும் ஆன்டிபயாடிக்கும் தர வேண்டும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கலாகாது.

கக்குவான் இருமலும் அத்தகையதே. இதன் கிருமியை 1906இல் போர்டே, ஜெங்கூ ஆகியோர் வளர்த்துக் காட்டினர். தொடர்ந்து இருமி இருமி, முகம் சிவந்து, முடிவில் "ஊப்" என்று இழுத்து மூச்சு வாங்கும். ஆனால் இரண்டு மூன்று மாதக் குழந்தை இப்படி இழுக்காது. திடீரென மூச்சையே நிறுத்திவிடும். அதுவே பேராபத்து.

2016ஆம் ஆண்டில் அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புரம், கோழிக்கோடு மாவட்டங்களில் டிப்தீரியா மீண்டும் தலைகாட்டி உயிர்களைப் பறித்தது. தடுப்பூசி போடாத, அல்லது பாதியில் விட்டுவிட்ட பிள்ளைகளும் இளைஞர்களும் அதற்கு ஆளாயினர். கல்வியில் முன்னேறிய ஒரு மாநிலத்திலேயே இது நேர்ந்தது என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடப்படும் ஊசிகளோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. ஒன்றரை வயதை ஒட்டியும், ஐந்து வயதிலும், பின்னர் பத்து, பதினாறு வயதுகளிலும் ஊக்க ஊசிகள் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

நிமோனியா: நெஞ்சுக்குள் நடப்பது என்ன?

நுரையீரலில் பல கோடிக் காற்றறைகள் உள்ளன. மூச்சிழுக்கையில் அவற்றில் காற்று நிரம்பி, மெல்லிய சுவர் வழியாக ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. பாக்டீரியா அங்கே புகுந்து பெருகும்போது, காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சீழும் நிறைகின்றன. இருக்கின்ற நல்ல பகுதியைக் கொண்டே உடல் தேவையைச் சமாளிக்க வேண்டியிருப்பதால் மூச்சு வேகமாகிறது. இதுவே நிமோனியா.

இதற்கு மிகப் பொதுவான பாக்டீரியா நிமோகாக்கஸ். 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் ஒருவரையொருவர் அறியாமலேயே இதனைக் கண்டனர். குழந்தைகளுக்கு ஹீமோபிலஸ் இன்புளுயன்சா என்ற கிருமியும் காரணமாகும். ப்ளூ காய்ச்சலுக்குப் பின் வரும் நிமோனியாவில் ஸ்டபிலோகாக்கஸும், சர்க்கரை நோயாளிகளிடம் கிளெப்சியெல்லாவும் காணப்படுவதுண்டு. பள்ளிப் பிள்ளைகளையும் இளைஞர்களையும் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி வேறு விதமானது. பெனிசிலின் இனத்து மருந்துகள் பாக்டீரியாவின் சுவரைத் தகர்த்து அதனைக் கொல்கின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்கோ சுவரே கிடையாது! எனவே அதற்கு அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற வேறு மருந்துகள் தேவைப்படுகின்றன. "சென்ற முறை எழுதியதையே வாங்கிக் கொடுத்தோம், கேட்கவில்லையே" என்று வருந்துவோர் இதனை நினைவிற் கொள்க.

தாயின் கையில் ஒரு பரிசோதனை

எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமலேயே நீங்கள் வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக் கொடுப்பதும் இதுவே.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும் வேளையில் சட்டையை விலக்குங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வயிறோ மார்போ எத்தனை முறை உயர்கிறது என்று முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சரியாகாது. ஏனெனில் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது.

இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல்;
இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல்;
ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல்.

இருமலோடு இவ்வளவு வேகமான மூச்சும் இருந்தால் அது நிமோனியாவாக இருக்கக்கூடும். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்வாங்குதல், முனகல், மூக்கு மடல் விரிதல், பால் அல்லது நீர் குடிக்க இயலாமை, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், உதடும் நாக்கும் நீலம் பாரித்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியும் வரை காத்திராதீர்கள். அந்த நள்ளிரவிலேயே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு மூச்சு வேகமாக இருந்தாலே மருத்துவமனைதான்.

முதியவர்களிடம் நோய் வேறு வேடத்தில் வரும். எழுபதைக் கடந்த பெரியவருக்குக் காய்ச்சலும் இராது, இருமலும் இராது. திடீரென்று பேச்சு தடுமாறும். சாப்பாடு வேண்டாம் என்பார். எழுந்து நடக்கையில் விழுவார். "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடாமல் மூச்சைக் கவனியுங்கள்.

டாக்டர் எவ்வாறு கண்டறிகிறார்?

மார்பில் காது வைத்துக் கேட்கும் வழக்கம் பழமையானது. 1816இல் பாரிஸ் நகரில் லேனெக் என்ற மருத்துவரிடம் ஓர் இளம்பெண் சிகிச்சைக்கு வந்தாள். பெண்ணின் மார்பில் காதை வைப்பது நாகரிகமன்று எனக் கருதிய அவர், ஒரு காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி வைத்துக் கேட்டார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாகவே கேட்டது. அந்த நாணமே நமக்கு ஸ்டெதஸ்கோப்பைத் தந்தது. நிமோனியா உள்ள இடத்தில், தலைமுடியைக் காதருகே வைத்து உரசினாற்போன்ற நுண்ணொலி அதில் கேட்கும்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சிறு கருவியைக் கொரோனா காலத்தில் எல்லோரும் அறிந்துகொண்டோம். நிமோனியாவின் கடுமையை அளக்கவும் அதுவே உதவுகிறது. எக்ஸ்ரேயில் நோயுற்ற பகுதி வெண்மையாகத் தெரியும். தேவையெனில் சளியையும் இரத்தத்தையும் ஆய்வுக்கு அனுப்புவார்கள். சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை, நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரலை பெர்லினில் ஆராய்ந்துகொண்டிருந்த டென்மார்க் நாட்டவரான கிராம் என்பவர் 1884இல் வெளியிட்டார். இன்றும் உலகின் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குப் பணியும் என்பதைக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை தெரிவிக்கும். முடிவு வர இரண்டு மூன்று நாட்களாகும் என்பதால், டாக்டர் அனுபவத்தைக் கொண்டு மருந்தைத் தொடங்கிவிட்டு, முடிவு வந்தபின் மாற்றுவதும் உண்டு. அதனைத் தடுமாற்றம் என்று எண்ண வேண்டாம். அதுவே முறை.

மார்பு உள்வாங்காத, ஆபத்தான அறிகுறிகள் இல்லாத குழந்தைக்குப் பெரும்பாலும் வாய்வழி அமாக்சிசிலினே போதும். ஊசிதான் வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். கடுமையாக இருந்தால் மருத்துவமனையில் சேர்த்து, ஊசி மருந்தும் ஆக்சிஜனும் தருவார்கள். மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சலும் மூச்சு வேகமும் குறையாவிட்டால் மறுபடியும் அவரிடமே செல்லுங்கள். முன்பு எந்த மருந்துக்கேனும் உடம்பில் தடிப்போ, முக வீக்கமோ, மூச்சுத் திணறலோ ஏற்பட்டிருந்தால் அதனை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிளெமிங் சொன்ன ஒரு குடும்பத்தின் கதை

1928இல் லண்டனில் பெனிசிலினைக் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். அதனை மருந்தாக உருவாக்கிய ஃபுளோரி, செயின் ஆகியோருடன் அவருக்கு 1945இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் ஆற்றிய உரையின் இறுதியில் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிக் கூறினார். கணவருக்குத் தொண்டை வலி. தாமாகவே பெனிசிலின் வாங்கி, கிருமியைக் கொல்லப் போதாத அளவில் உட்கொள்கிறார். கிருமி சாகவில்லை. மாறாக, மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்கிறது. பின்னர் அது அவருடைய மனைவியைத் தொற்றி நிமோனியாவாக மாறுகிறது. டாக்டர் பெனிசிலின் கொடுக்கிறார். பழகிப்போன கிருமி அதற்கு அசையவில்லை. மனைவி இறந்துவிடுகிறாள். அவளது சாவுக்குப் பொறுப்பு யாருடையது என்று பிளெமிங் கேட்டார். கணவரின் அலட்சியமே காரணம் என்று அவரே விடையும் கூறினார்.

அந்த மாமருந்து மக்கள் கைக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டில் விடுக்கப்பட்ட எச்சரிக்கை இது! தொண்டை வலிக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் இன்றளவும் பெனிசிலினுக்குப் பணிந்தே வருகிறது என்பது நம் நற்பேறு. ஆனால் நிமோகாக்கஸ் அப்படியில்லை. கிளெப்சியெல்லாவோ, கடைசித் துருப்பாக வைத்திருக்கும் ஊசிகளையும் எதிர்த்து நிற்கிறது.

மருந்துக் கடையில் பழைய சீட்டை நீட்டுவதும், "இரண்டு மாத்திரை மட்டும் கொடுங்கள்" என்று கேட்பதும், காய்ச்சல் விட்டதும் மீதத்தை அலமாரியில் பத்திரப்படுத்துவதும், அடுத்த வீட்டு ராத்தாவுக்குக் கேட்டது என்று அவர் மருந்தை வாங்கிப் போடுவதும், பிளெமிங் சொன்ன கணவரின் செயலேயன்றி வேறல்ல. மாத்திரை அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டரின் சீட்டு இல்லாமல் அதனை உட்கொள்ளக் கூடாது என்பது பொருள். எத்தனை நாள் என்று டாக்டர் சொன்னாரோ அத்தனை நாள் கொடுங்கள். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

நோன்பு மாதத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாளைக்கு மூன்று வேளை தர வேண்டிய மருந்தை, நோன்பு திறந்தபின் ஒன்று, தராவீஹுக்குப் பின் ஒன்று, ஸஹரில் ஒன்று என நெருக்கி உட்கொண்டால், பகல் முழுவதும் உடலில் மருந்து இராது. கிருமிக்கு அதுவே வாய்ப்பு. ஒரு வேளை அல்லது இரு வேளை மருந்தாக மாற்றித் தர இயலுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நிமோனியா போன்ற கடும் நோயில், நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகை இருக்கவே இருக்கிறது. நலமடைந்தபின் பிற நாட்களில் நோற்கலாம்.

ஹஜ்ஜுக்குச் செல்லும் முதியோரைப் பற்றியும் ஒரு சொல். அங்கே மருத்துவமனையில் சேர்க்கப்படுவோருக்கு நிமோனியா ஒரு முக்கியக் காரணமாக இருந்து வருகிறது. புறப்படும் முன் ப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் குறித்து டாக்டரிடம் ஆலோசனை பெறுங்கள். சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

இரண்டு வாரத்தைக் கடந்த இருமல்

இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை இருந்தால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் தேவை. அதன் கிருமியை 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தார். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரண காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாக மாறும். அதைக் கண்டு அஞ்சி நிறுத்திவிட வேண்டாம். இருமலுக்கென்று கடையில் வாங்கும் சில ஆன்டிபயாடிக்குகள் காசநோயைச் சிறிது காலம் அடக்கி, அடையாளம் தெரியாமல் மறைத்துவிடும் என்பதையும் அறிந்து கொள்ளுங்கள்.

இந்நோயைப் பற்றி உலகுக்கே பாடம் புகட்டிய ஊர் நம் சென்னை. 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், வாலஸ் பாக்ஸ் என்பவர் தலைமையில் ஒரு சோதனை நடத்தியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் தந்து சிகிச்சை. மற்றவர்களுக்கு அவரவர் நெருக்கடியான வீடுகளிலேயே அதே மாத்திரைகள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் நலமடைந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. நோயாளியைக் குடும்பத்தை விட்டுப் பிரிக்க வேண்டியதில்லை, ஒழுங்காக மருந்து உண்பதே முக்கியம் என்று உலகம் கற்றுக்கொண்டது இதனால்தான்.

ஆயினும், அந்தச் சென்னையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழும் நாமே, "பெண்ணுக்கு நிக்காஹ் பேசி வருகிறோம், வெளியே தெரிந்தால் என்னாவது?" என்று நோயை மறைக்கிறோம். மறைத்த நோய் மறைந்து போவதில்லை. ஆறு மாத மருந்தில் முற்றிலும் குணமாகி, மணமுடித்துப் பிள்ளைகளைப் பெற்று நலமாக வாழ வேண்டிய பெண்ணை, மருந்துக்கும் பணியாத காசநோய்க்கு ஆளாக்குவது அவள் மீது காட்டும் அன்பு ஆகாது.

வருமுன் காக்க

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என மூன்று தவணைகள். ஹீமோபிலஸ் கிருமிக்கான ஊசி ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியிலேயே அடங்கும். அதனை இந்தியாவில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தொடங்கியவை தமிழகமும் கேரளமுமே.

விறகடுப்புப் புகையும் பீடி, சிகரெட் புகையும் பிஞ்சு நுரையீரலின் காவலைத் தகர்ப்பவை. வெள்ளி இரவில் வீடு மணக்கச் சாம்பிராணி போடுவோர், குழந்தை இருக்கும் அறையை அதற்கு விலக்காக வையுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கித் தங்கி, தானே ஒரு நிமோனியாவை உண்டாக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லி நிறுத்துங்கள்.

தொட்டிலருகே விழித்திருக்கும் அந்த உம்மாவிடம் மீண்டும் வருவோம். அவள் செய்ய வேண்டியது யாது? அலமாரியைத் திறப்பதற்கு முன் விளக்கைப் போடட்டும். குழந்தையின் சட்டையை விலக்கட்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணட்டும். மூச்சு சீராக இருந்து, பாலும் குடிக்குமானால், காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்து, அணைத்துப் படுக்க வைத்து, காலையில் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை மிகுந்தாலோ, மார்பு உள்வாங்கினாலோ, வாப்பாவை எழுப்பட்டும், வண்டிக்குச் சொல்லட்டும்.

அந்த ஒரு நிமிடத்திற்குக் காசு செலவில்லை. ஆனால் ஓர் உயிரின் விலை அதில் அடங்கியிருக்கிறது.